ஒரு வருஷ 'நேர்சிங் டிப்ளோமா'வுக்கு முற்பணம் கட்டலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சி உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று 'எஸ்', அதாவது மூன்று சாதாரண சித்தி, எடுத்திருக்கிறாள். நேர்ஸாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. திருகோணமலை டவுனில் ஒரு தனியார் நிறுவனம் ஒரு வருஷத்தில் நேர்சிங் டிப்ளோமா, கையோடு 'சர்வதேச லைசன்ஸ்', அப்புறம் வெளிநாட்டு வேலை என்று சொல்கிறதாம். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் கழிவும் உண்டாம். கட்டலாமா, வேறு வழி ஏதும் இருக்கிறதா என்பது கேள்வி.

தம்பி, இப்போது கட்டாதீர்கள். முதலில் அந்த நிறுவனத்துக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பை முடித்தவரின் பெயரை எந்தச் சபை, எந்தப் பதிவேட்டில் எழுதும்? பதிலை நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள். அவர்கள் சொல்லும் சபைக்கு நீங்களே ஃபோன் எடுத்து, அது சரியா என்றும் கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முற்பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் சான்றிதழையும் பதிவையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சான்றிதழை யாரும் அச்சடிக்கலாம். தங்க நிற முத்திரை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், கறுப்புக் கவுணோடு பட்டமளிப்புப் படம் எல்லாம் காசுக்கு வரும். நோயாளியைத் தொட்டு வேலை செய்யும் உரிமையைத் தருவது சட்டம் அமைத்த சபையின் பதிவேடு. டொக்டர், பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவமாது, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படக்காரர், இயன்மருத்துவர் ஆகியோரின் பதிவு இலங்கை மருத்துவ சபையில். அந்தச் சபைக்கு ஆதாரம் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியாகத் தாதியர் சபை உண்டு. சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி ஆயுர்வேத மருத்துவ சபை. எந்தத் தொழிலுக்குப் போக நினைத்தாலும் முதலில் பதிவேட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பதிவேடு எந்தப் படிப்பை ஏற்கிறது என்று பாருங்கள். அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கடைசியாகப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் எப்போதும் தலைகீழாகத்தான் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெனர் தெரிகிறது, அங்கிருந்து எல்லாம் தொடங்குகிறது.

'சர்வதேச லைசன்ஸ்' என்று ஒன்று கிடையாது. தாதிக்கு உலகம் முழுக்கச் செல்லும் லைசன்ஸை எந்த நாடும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் நாட்டுக்கு மட்டும் கொடுக்கிறது. அதைக் கொடுக்கும் முன் பெரும்பாலான நாடுகள் கேட்பது, உன் சொந்த நாட்டில் நீ பதிவு செய்த தாதியா, உன் சபை உன்னைப் பற்றி நற்சான்று தருமா என்பதைத்தான். இங்கே பதிவு இல்லாதவருக்கு அந்த நற்சான்றை யார் எழுதுவது? அந்தச் சொல்லைப் பாவித்து மாணவர் சேர்க்கும் இடத்தை, மற்ற விஷயங்களைப் பார்க்காமலே நான் சந்தேகிப்பேன்.

சரி, அவள் நேர்ஸாகவே ஆக வேண்டும் என்றால் நேர் வழி இரண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரி. மூன்று வருஷப் பயிற்சி, கட்டணம் இல்லை, பயிலுநருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. எங்களுக்குக் கிட்ட இருப்பது மட்டக்களப்பு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. ஆனால் இடத்தை நாங்கள் தெரிவு செய்வதில்லை, அமைச்சு போடுகிற இடத்துக்குப் போக வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்புப் பயணம் எவ்வளவோ லேசாகிவிட்டது. அதற்கு முன்பு இந்தக் கரையிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள், ஆற்றைக் கடக்கும் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு பாடமே படித்திருக்கலாம்.

இந்த ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும், அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கும். எப்போது அழைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. உயர்தரம் எழுதிய ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்காரரை அழைத்த திகதிக்கும் இடையில் வருஷக்கணக்காய்ப் போனதுண்டு. இந்த இடைவெளியில்தான் தனியார் நிறுவனங்கள் புகுந்துகொள்கின்றன. பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாளே என்ற கவலையில் தகப்பன் நகையை அடகு வைக்கிறார். விளம்பரம் வந்தால் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். எந்த ஆண்டு உயர்தரம், எந்தப் பாடப் பிரிவு, சாதாரண தரத்தில் எந்தப் பாடங்களுக்குத் திறமைச் சித்தி, வயதெல்லை, உயரம் என்று நிபந்தனைகள் இருக்கும். திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்திருக்கிறது. 'காத்திருக்கிற நேரத்தில் கலியாணத்தை முடித்துவிடுவோம்' என்று அவசரப்படும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று எஸ் போதுமா என்பது அந்தத் தடவை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், இசட் புள்ளி எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்தது. எப்படியும் விண்ணப்பிக்காமல் விட வேண்டாம்.

இரண்டாவது வழி பல்கலைக்கழகத் தாதியர் பட்டம், நான்கு வருஷம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது. அங்கே மருத்துவமும் தாதியமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியத்தோடு மருந்தாக்கவியலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் படிக்கலாம். திருகோணமலை மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கைத் தவிர அந்த மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய 5 சதவீதத்திலும் எங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு 'எனக்குக் கிடைக்காது' என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பாமல் விடுவது வீண். இரண்டாம் தடவை எழுதவும் அவளுக்கு வாய்ப்பு இருந்தால், அதையும் வீட்டில் பேசிப் பாருங்கள்.

தனியார் துறையில் ஒழுங்கான தாதியர் படிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாதியர் சபை அந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சபையிடம் கேளுங்கள். நிறுவனத்தின் வரவேற்பாளரிடம் கேட்டால் எல்லாம் 'ஏற்றது' என்றுதான் வரும். 'அரசில் பதிவு செய்த நிறுவனம்' என்ற வசனத்திலும் மயங்காதீர்கள். அது கம்பனிப் பதிவாக இருக்கலாம், பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவாகவும் இருக்கலாம். சைக்கிள் கடைக்கும் அந்தப் பதிவு உண்டு.

ஒரு வருஷப் படிப்பு ஒன்றுக்கும் உதவாது என்று ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். அது எதற்கான படிப்பு என்பதை ஒளிக்காமல் சொன்னால் போதும். முதியோர் பராமரிப்பாளர், தாதி உதவியாளர் போன்ற வேலைகளுக்குத் தேசிய தொழில் தகைமை உண்டு, எல்லாரும் என்.வி.கியூ. என்று சொல்வது. ஏழு மட்டங்கள். ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இதைக் கண்காணிப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நிறுவனம் அங்கே பதிவாகியிருக்கிறதா என்பதோடு, நீங்கள் சேரப்போகும் அதே பாடநெறி தரச்சான்று பெற்றிருக்கிறதா என்றும் தனியாகப் பாருங்கள். தையலுக்கும் கணினிக்கும் தரச்சான்று வாங்கி வைத்துக்கொண்டு, அந்தச் சான்றின் நிழலில் 'நேர்சிங்' நடத்துவதும் நடக்கக்கூடியதுதான். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இதைத் தேடிப் பார்க்கலாம். காசு செலவழிக்க முன்பு தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலும் நைட்டா, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, அலுவலகத்திலும் விசாரியுங்கள். தனியாரிடம் பெருந்தொகை கேட்கும் படிப்பு அங்கே மிகக் குறைந்த செலவில், சில வேளை இலவசமாகவே நடக்கும்.

பெற்றோரோ பெரியம்மாவோ நோயாகக் கிடந்து, வீட்டில் வருஷக்கணக்காய்ப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள், தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராய் ஏற்கெனவே நிற்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வழி உண்டு. முன்பே கற்ற திறமையை மதிப்பிட்டு, வகுப்பில் உட்காராமலே என்.வி.கியூ. கொடுக்கும் முறை அது. நைட்டாவில் கேட்டால் சொல்வார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இப்படி வேலை தெரிந்தும் கையில் ஒரு தாளும் இல்லாத பெண்கள் எத்தனையோ பேர்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். என்.வி.கியூ. நான்கு எடுத்த பராமரிப்பாளர் நேர்ஸ் இல்லை. கௌரவமான தொழில்தான், சம்பளமும் உண்டு, ஆனால் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் அவர் பொறுப்பில் வராது. 'முதலில் இதைச் செய், பிறகு நேர்ஸாக மாறலாம்' என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி மாறலாம் என்று கேளுங்கள்.

நேர்ஸ் வேலையைத் தவிர மற்றக் கதவுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடுவது மருந்தாளர் தொழில். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைதான் பாமசிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. பதிவு செய்த மருந்தாளர் ஒருவர் இல்லாமல் அந்த அனுமதி வராது. அதனால் பதிவு உள்ளவருக்கு இந்த மாவட்டத்திலேயே வேலை தேடி வரும். பட்டம் ஒரு வழி. பதிவு செய்த மருந்தாளரின் கீழ் பயிலுநராய் நின்று, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சை எழுதி வருவது இன்னொரு வழி. இதிலும் பொறி உண்டு. பாமசியில் ஐந்து வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தால் தானாக மருந்தாளராகிவிட முடியாது. பயிற்சி தொடங்கும்போதே அதை முறைப்படி பதிந்திருக்க வேண்டும், யாரின் கீழ் நிற்கிறீர்களோ அவருடைய பதிவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். முதலாளி 'பிறகு பார்ப்போம்' என்றால் அங்கே நிற்பது சம்பளத்துக்காக மட்டும்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், அதாவது கர்ப்பிணித் தாய்மாரைத் தேடி வீடு வீடாக வரும் மிஸ், பதினெட்டு மாதப் பயிற்சி. அதுவும் வர்த்தமானி வழியாகத்தான். குச்சவெளி, வெருகல் போன்ற இடங்களில் தமிழ் பேசும் மருத்துவமாது ஒருவர் இருப்பதும் இல்லாததும் ஒரு தாயின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அந்த வேலையின் மதிப்பை ஊர் இன்னும் சரியாக உணரவில்லை என்பது என் அபிப்பிராயம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் உண்டு. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. அவசர மருத்துவ உதவியாளர்களை அவர்களே எடுத்துப் பயிற்றுவிக்கிறார்கள். இரவு வேலைக்கு வீட்டார் சம்மதிப்பார்களா என்பதுதான் எங்கள் பெண் பிள்ளைகளுக்குத் தடை. ஆய்வுகூடம், கதிர்ப்படம், இயன்மருத்துவம் எல்லாம் பட்டமாகவோ அமைச்சின் டிப்ளோமாவாகவோ படித்து மருத்துவ சபையில் பதிவது. வழி தாதியர் வழி மாதிரியேதான்.

உப்புவெளியிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருப்பதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஐந்து வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷ உள்ளகப் பயிற்சி, அதன்பின் ஆயுர்வேத மருத்துவ சபையில் வைத்தியராகப் பதிவு. அனுமதி மானியங்கள் ஆணைக்குழு வழியாக, உயர்தர இசட் புள்ளிப்படி. 'அதுக்குப் போய் என்ன' என்று முகம் சுளிப்பவர்கள், காசைக் கொடுத்து ஒரு பெறுமதியும் இல்லாத டிப்ளோமா வாங்கத் தயாராக இருப்பது எனக்கு விளங்கவில்லை. அரச வைத்தியசாலை நியமனத்துக்கு நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

வெளிநாட்டு மருத்துவப் பட்டம் பற்றி ஒரு சொல். ஏஜென்சிகள் அதையும் விற்கின்றன. திரும்பி வந்து மருத்துவ சபையின் பரீட்சை சித்தியடைந்து, ஒரு வருஷ உள்ளகப் பயிற்சி முடித்தால்தான் முழுப் பதிவு. போக முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்கிறதா, உயர்தரத்தில் கேட்கும் குறைந்தபட்சச் சித்தி பிள்ளையிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று எஸ்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளிநாட்டுத் தாதியர் வேலை இரண்டாம் படி. பிரிட்டனுக்கு என்றால் அங்குள்ள தாதியர் சபையின் கணினிப் பரீட்சையும், அங்கே போய் எழுதும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஆங்கிலத்தில் ஐ.ஈ.எல்.டி.எஸ். 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். அல்லது சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.டி.யில் 'பி', எழுத்தில் 'சி பிளஸ்'. வளைகுடாவில் டுபாய், சவூதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகார சபை, தனித்தனி அனுமதி. உங்கள் சான்றிதழ்களை அவை வழங்கிய இடத்திலேயே விசாரித்து உறுதி செய்யும் நடைமுறை ஒன்று இருக்கிறது. பலர் விழுவது அதில்தான். அந்தச் சான்றிதழைத் தந்த நிறுவனம் பூட்டிப் போயிருந்தால் விசாரணைக் கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் இருக்காது. ஜப்பானுக்குப் பராமரிப்பாளராகப் போக, 2019இல் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் முறை உண்டு. பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழிப் பரீட்சை, பொது ஜப்பானிய மொழித் தேர்ச்சி என்று மூன்றும் வேண்டும். மூன்றையும் தாங்களாகவே எழுதிச் சித்தியடையலாம், யாருக்கும் 'கோட்டா' காசு கொடுக்கத் தேவையில்லை. எந்த ஏஜென்சியானாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தையும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்பதையும் பணியகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இப்போது கையில் நேரம் இருப்பதால் தங்கச்சி செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பெயரைச் சரிபார்ப்பது. சிரிக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அதே பெயர் குடும்பப் பெயராக. தர்ஷினி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'டி' மட்டும் போட்டும் இன்னோரிடத்தில் 'டி, எச்' போட்டும் எழுதியிருப்பார்கள். எங்கள் வீடுகளில் இது சாதாரணம். நேர்முகத் தேர்விலோ வெளிநாட்டுச் சரிபார்ப்பிலோ இது ஒரு பெரிய தலையிடி. சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தால் பல இடங்களில் ஏற்பார்கள். பெரிய வித்தியாசமென்றால் பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். போரிலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களைத் தொலைத்த குடும்பமென்றால் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். அசல் பதிவே அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கும் அலுவலை இன்றைக்கே தொடங்குங்கள். வர்த்தமானி விளம்பரத்தின் முடிவுத் திகதி உங்களுக்காக நிற்காது.

கூடவே சிங்களமும் ஆங்கிலமும். வார்டில் நோயாளியின் குறிப்பு, மருந்துப் பெயர், டொக்டரின் உத்தரவு எல்லாம் ஆங்கிலத்தில். அரச சேவையில் சேர்ந்தபின் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். எங்கள் பொது வைத்தியசாலைக்கு மூன்று இனத்தாரும் வருகிறார்கள். முதல் நியமனம் அநுராதபுரத்திலோ பொலன்னறுவையிலோ கிடைத்தால், 'எங்கே வலிக்குது' என்று சிங்களத்தில் கேட்கத் தெரியாத நேர்ஸ் மிகவும் கஷ்டப்படுவாள்.

வருமானமும் உடனே வேண்டும் என்றால், வர்த்தமானிக்குக் காத்திருக்கும் காலத்தில் என்.வி.கியூ. பராமரிப்பாளர் படிப்பை ஒரு அரச நிலையத்தில் செய்யலாம். நோயாளியைக் கட்டிலில் திருப்புவதும் மூத்திரம் மலம் துடைப்பதும் தனக்கு ஒத்துவருமா என்பதும் அதில் தெரிந்துவிடும். வெள்ளை உடுப்பை மட்டும் பார்த்து ஆசைப்பட்ட சில பிள்ளைகள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதுவும் நல்லதுதான், மூன்று வருஷம் மிச்சம்.

அந்த நிறுவனம் எழுத்தில் பதில் தந்தால், முற்பணத்துக்கான ரசீதை வாங்க முன்பு பின்பக்கத்தையும் வாசியுங்கள். பாடநெறியின் முழுப் பெயர், என்.வி.கியூ. மட்டம், இறுதிப் பரீட்சையை நடத்துவது யார், இடையில் விலகினால் காசு எவ்வளவு திரும்பும், வைத்தியசாலைச் செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில் என்பவை அதிலோ ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வைத்தியசாலைக்கு ஃபோன் எடுத்து, 'இந்த நிறுவனத்தின் மாணவர்களை நீங்கள் எடுக்கிறீர்களா' என்று கேட்க இரண்டு நிமிஷம்தான் ஆகும்.